ஜூஸ் பாட்டில் வளையல்

அம்மா வரவில்லை. பெருங்களத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்குவாள், அழைத்துக்கொண்டு நேரே சேரப்பணஞ்சேரிக்கு அக்கா வீட்டுக்குப் போகவேண்டும் என்று விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்து ஈரத் தலையோடு நிற்கிறேன். அப்போதுதான் கோவில்பட்டியிலிருந்து போன் வருகிறது.

"ஏட்டி வேலு, நான் வரலட்டி," என்றாள் அம்மா. "ராத்திரி உங்கப்பா பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டாரு. பையப் புடுங்கிட்டாரு. போனையும் புடுங்கி வச்சிக்கிட்டாரு. இப்ப போன இங்கன வச்சிட்டு டீ குடிக்கப் போயிருக்காரு, அதான் பேசுதேன்."

"வளையலு?"

"பையிலதான இருந்துச்சு. எங்கன கொண்டு வச்சாரோ. நீ எதையாவது செஞ்சு சமாளிட்டி. நான் கெளம்புனதையும் அவரு புடுங்குனதையும் இசக்கிட்ட சொல்லிராத. பிரஷர் இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. தாங்க மாட்டா."

போன் கட்டாகிவிட்டது. பிள்ளைப்பாக்கத்து வாடகை அறையில், கையில் போனோடு, எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

எதையாவது செய்து சமாளிக்க வேண்டுமாம்! எங்கப்பா காசிராஜன் பெரிய ரோஷக்காரர். அக்கா இசக்கியம்மாள் ஒரகடத்தில் வேலை பார்த்த இடத்தில் ஹேமந்த் அத்தானைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். வேறு சாதி. அன்றிலிருந்து அவருக்கு மூத்த மகள் இல்லை. சரி, அவருக்கு இல்லை. பெற்றவளுக்கும் இல்லாமல் போகவேண்டும் என்றால் என்ன நியாயம்? நல்லா இருக்கட்டும் மனுஷன்.

இன்று அக்காவுக்கு வளைகாப்பு. பிரசவம் மாமியார் வீட்டில்தான் என்று முடிவாகிவிட்டது, தாய்வீட்டுக்குப் போக வழியில்லை. அதற்கு அவள் மாமியார் சுந்தராம்பாள் ஒரு வார்த்தையும் மறுத்துச் சொல்லவில்லை. நல்ல மனுஷிதான். ஆனால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். "தாய்வூட்டு வளையல் ஏறாம எங்க வூட்டு வளையல் ஏறக்கூடாதும்மா. உங்கம்மாவ வரச்சொல்லு." அக்காவும், எங்கம்மா கண்டிப்பாக வருவாள் என்று அந்தத் தெருவே கேட்கும்படி சொல்லி வைத்துவிட்டாள். தினமும் எனக்குப் போன் போட்டு, "அம்மா வாராள்ல? நெசமா வாராள்ல?" என்று உயிரை வாங்கினாள். அத்தனை ஜனத்தின் நடுவில் இவளுக்கென்று கேட்க நாதியில்லை என்று ஆகிவிடக்கூடாது. அதுதான் எனக்குக் கவலை.

நேரம் என்ன என்று பார்த்தேன். நல்ல நேரம் காலையிலேயே முடிந்துவிடும். வளையல் கடைக்காரன் ஷட்டரைத் தூக்கும்போது பந்தலையே பிரித்திருப்பார்கள். டீக்கடையும் பால் பூத்தும் பூக்காரம்மாவும் தவிர ஒன்றும் திறந்திருக்காது.

அறையில் ஒரு வளையல் இருந்தால்தானே! நாங்கள் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் கையில் ஒன்றும் போடக்கூடாது. சர்க்யூட் போர்டு கெட்டுப்போகும் என்று வளையல், மோதிரம், கயிறு எல்லாவற்றையும் கேட்டிலேயே கழற்றச் சொல்வார்கள். கழற்றிக் கழற்றி வெறுத்துப்போய் வாங்குவதையே விட்டுவிட்டோம். இரண்டு பெண்கள் குடியிருக்கும் அறையில் கண்ணாடி வளையல் ஒன்றுகூட இல்லை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

அந்த நேரத்தில்தான் செந்தாமரை நைட் ஷிப்ட் முடித்து உள்ளே வந்தாள். வந்தவாசிக்காரி, என்னோடு அறையைப் பங்கு போட்டிருப்பவள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஐடி கார்டைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாடி அழுதுகினு கீற? வளையல்தானே? பண்ணிக்கலாம் வா," என்றாள்.

"பண்றதா? எதுலடி பண்றது?"

அவள் மூலையில் கிடந்த காலி ஜூஸ் பாட்டில்களைக் காலால் உருட்டினாள். கேன்டீனில் ஓவர்டைமுக்கு, அதாவது ஓ.டி.க்கு, கொடுக்கும் ஜூஸை ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து, குடித்துவிட்டு, தண்ணீர் பிடிக்க ஆகும் என்று சேர்த்து வைத்த பாட்டில்கள்.

பிளேடை எடுத்து ஒரு பாட்டிலை வளையம் வளையமாக அறுத்தோம். ஒரு வளையம் தொளதொளவென்று இருந்தது. மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஃபெவிக்விக் போட்டு ஒட்டியதும் விறைத்துக்கொண்டது. என் விரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது, பிய்த்ததில் தோல் போயிற்று. அதையெல்லாம் பார்க்க யாருக்கு நேரம்? செந்தாமரை தன் பெட்டியைத் திறந்து ஒரு பச்சைப் பட்டு ஜாக்கெட்டை எடுத்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள் கிழித்தேவிட்டாள்.

"அடிப்பாவி, அண்ணன் கல்யாணத்துக்குத் தச்சதுடி!"

"அண்ணன் கல்யாணத்துக்கு வேற தச்சுக்கறேன். உங்கக்காக்கு இன்னிக்குத்தானே வளைகாப்பு? சுத்து."

நாடா நாடாவாகக் கிழித்து வளையத்தின்மேல் இறுக்கிச் சுற்றினோம். ஜாக்கெட்டின் ஜரிகை ஓரத்தை நடுவில் ஒட்டினோம். கல்லுக்கு என்ன செய்வது? கல் பொட்டு இருந்தது. லைனில் அதற்கும் தடை என்பதால் அட்டை அட்டையாக அப்படியே கிடந்தது. ஒவ்வொன்றாக உரித்து ஜரிகைமேல் பதித்தோம். முதல் வளையல் முடிந்ததும் செந்தாமரை அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முதல் பீஸ் பாத்துடு. போட்டுப் பாரு."

என் கையில் போட்டேன். சிரமமில்லாமல் இறங்கிற்று. அக்காவுக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்து ஒரே அளவுதான். ஒரு டஜன் வாங்கினால் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வோம். பொங்கலுக்கு வாங்கிய வளையலுக்காக அடித்துக்கொண்டதுகூட உண்டு.

"முதல் பீஸ் ஓகே," என்றேன்.

அவ்வளவுதான். லைனில் முதல் பீஸ் ஓகே என்றால் அதற்கப்புறம் யாரும் யோசிக்கமாட்டோம், கை மட்டும்தான் ஓடும். அவள் அறுக்க, நான் ஒட்ட, அவள் சுற்ற, நான் பொட்டு வைக்க, தட்டு நிறைய வளையல் சேர்ந்துவிட்டது. இன்னொரு பக்கம் அடுப்பில் எலுமிச்சை சாதமும், அம்மா போன தடவை கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலில் புளிச்சாதமும் கிண்டினேன். ரவையை வறுத்து லட்டு பிடித்தேன், அது பிடிக்கப் பிடிக்க உதிர்ந்தது. தட்டுக்கு எங்கே போவது? சாப்பிடுகிற எவர்சில்வர் தட்டுகளையே விளக்கி, தீபாவளி ஸ்வீட் பாக்ஸின் உள்ளே இருந்த தங்கக் கலர் பேப்பரை வெட்டி விரித்தோம். குக்கர் மூடியும் ஒரு தட்டாயிற்று. அதன் பிடியைப் பூவால் மறைத்தோம்.

நடுவில் அக்கா போன் செய்தாள். "அம்மா எறங்கிட்டாளா?"

"அம்மாவுக்குக் காய்ச்சல்க்கா," என்றேன். வாய் கூசாமல் வந்தது. "வர முடியல. ஆனா வளையல், சீரு எல்லாம் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்தனுப்பிட்டா. நான் வாங்கிட்டேன்."

"வளையல் அனுப்பிட்டாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப சரி," என்றாள்.

ஷேர் ஆட்டோவில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு பேர் உட்காரும் இடம்தான், தட்டுகளுக்கு இடமில்லை. ஜெனரல் ஷிப்ட்டுக்குப் போகும் பெண்கள் யூனிபார்மோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். என்ன ஏது என்று கேட்டு, ஆளுக்கொரு தட்டை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரகடத்தில் இறங்கும்போது ஒருத்தி, "நல்லபடியா பொறக்கட்டும்க்கா," என்றாள். எனக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டேன், மை கரைந்துவிட்டால் வேறு மை கையில் இல்லை.

சுந்தராம்பாள் அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அம்மா எங்கம்மா?"

"காய்ச்சல் அத்தை. எழுந்திரிக்கவே முடியல. சீரைக் குடுத்தனுப்பிட்டாங்க."

அவர் தட்டுகளைப் பார்த்தார், குக்கர் மூடியையும் பார்த்தார். "வாங்க, நேரமாவுது," என்று ஒரு தட்டைத் தானே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். உள்ளே இருந்த பெண்களிடம், "தாய்வூட்டு சீரு வந்துட்ச்சி, வழி வுடுங்க," என்று சத்தமாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழலாம்போல் இருந்தது.

அக்கா மணையில் உட்கார்ந்திருந்தாள். ஓ.டி., ஓ.டி. என்று ஓடியதில் நான் அவளைப் பார்த்தே வெகு நாளாகிவிட்டது. வயிறும் பட்டுப்புடவையும் பூவுமாக நிறைந்து இருந்தாள். கன்னத்தில் சந்தனம் தடவினார்கள், வேப்பிலைக் காப்புக் கட்டினார்கள். "தங்கச்சியே போடட்டும், அம்மா எடத்துல," என்றார் அத்தை. நான் அக்கா எதிரில் உட்கார்ந்து பச்சை வளையலை எடுத்து அவள் வலது கையைப் பிடித்தேன்.

அது என் அக்கா கையே இல்லை. விரலெல்லாம் உப்பி, புறங்கை புசுபுசுவென்று ஊதி, மணிக்கட்டில் எலும்பே தெரியவில்லை. வளையல் கட்டைவிரல் மூட்டில் போய் நின்றது. திருப்பிப் பார்த்தேன். நின்றது. விரல்களைக் கூட்டிப் பிடித்துத் தள்ளினேன். நகரவில்லை. முதல் பீஸ் ஓகேவாம்! யார் கைக்கு ஓகே? ஐயோ, தட்டு நிறைய அத்தனையும் இதே அளவு.

"இன்னாது, ஏறல?" என்று பின்னால் ஒரு குரல்.

"சின்னதா கீதுபா."

"தாய்வூட்டு வளையலே ஏறலன்னா எப்படி?"

செந்தாமரை என் தோளைப் பிடித்தாள். அக்கா குனிந்து, என் தலையில் பூவைச் சரிசெய்வதுபோல என் காதருகே வந்தாள்.

"இது அம்மா வாங்குனதில்லட்டி," என்றாள் மெதுவாக. "மூணு புள்ள பெத்தவ அவ. ஒம்பதாம் மாசம் கை ஊதும்னு அவளுக்குத் தெரியாதா? அளவு பெருசாத்தான் எடுத்திருப்பா." அவள் மூச்சு என் கன்னத்தில் சுட்டது. "அவ ஒண்ணுமே அனுப்பலைல்ல? என்னைய வேண்டாம்னுட்டாள்ல?"

சொல்லாதே என்று அம்மா சொன்னாள். பிரஷர் என்று டாக்டர் சொன்னார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லாமல் இருந்தால்தான் இவள் செத்துப்போவாள் என்று தோன்றியது.

"கெளம்பிட்டாக்கா," என்றேன். "ராத்திரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டா. அப்பாதான் வந்து பையப் புடுங்கிட்டாரு."

"பஸ் ஸ்டாண்டு வரைக்குமா?"

"ஆமாக்கா."

"வளையலோடயா?"

"வளையலோட."

அக்கா நிமிர்ந்தாள். கண் இரண்டும் குளமாகிவிட்டன, ஆனால் ஒரு சொட்டும் விழவிடவில்லை.

"அத்தை, கொஞ்சம் தேங்கா எண்ணெ குடுங்க," என்றாள்.

யாரோ கிண்ணத்தில் கொண்டுவந்தார்கள். அவளே கையில் வழிய வழிய ஊற்றிக்கொண்டு என்னிடம் நீட்டினாள். "தள்ளு."

"வலிக்கும்க்கா. வேண்டாம்க்கா."

"தள்ளுன்னா தள்ளுட்டி!"

தள்ளினேன். கல் பொட்டுகள் எண்ணெயில் வழுக்கி உதிர்ந்தன. பிளாஸ்டிக் விளிம்பு சதையில் ஏறிப் பதிந்தது. அவள் பல்லைக் கடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, அப்பனைத் திட்டிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஒரே தள்ளாகத் தள்ளினேன். மூட்டைத் தாண்டி இறங்கிற்று. புறங்கை முழுக்க ரத்தம் கட்டிச் சிவந்து கிடந்தது.

சுற்றி இருந்தவர்கள் அப்பாடா என்றார்கள். அக்கா அப்போதுதான் அழுதாள். தேம்பித் தேம்பி, குழந்தைபோல அழுதாள்.

"அய்யோ, ரொம்ப வலிக்குதாம்மா?" என்று சுந்தராம்பாள் அத்தை பதறி அவள் முதுகைத் தடவினார்.

"ஆமாத்தை," என்றாள் அக்கா. "எங்கம்மா சின்னதா எடுத்துட்டா. பழைய கையவே நெனச்சிக்கிட்டு இருந்திருக்கா."

"பெத்தவ மனசு அப்டித்தான்," என்றார் அத்தை. "ஒண்ணு போதும்மா. இன்னொரு கைக்கு நம்ம வூட்டு வளையல போட்டுக்கலாம், வுடு."

அக்கா தலையாட்டி மறுத்தாள். கிண்ணத்தில் மிச்சமிருந்த எண்ணெயை ஊற்றித் தேய்த்துக்கொண்டு, இடது கையையும் என்னிடம் நீட்டினாள்.