கறுப்புக் கண்ணாடியும் முதல் வாரலும்

பாத்தி நிறைய வெள்ளை, வானத்திலும் வெள்ளை, நடுவில் முதலாளி இரண்டு கையாலும் வாருபலகையை என் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறார், வரப்பில் எரிகிற சூடம் வெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை, வாசம்தான் வருகிறது, இந்த வருஷத்தின் முதல் உப்பு, அதை நான்தான் வார வேண்டும், ஒன்பது வருஷமாக நான்தான், என் கை பட்டால் மழை தள்ளிப்போகும் என்று இந்த உப்பளத்தில் ஒரு நம்பிக்கை, ஆனால் கங்காணி ஆத்தியப்பன் அண்ணாச்சி குறுக்கே கை நீட்டித் தடுக்கிறார், மொதல்ல மூஞ்சில மாட்டியிருக்கதக் கழட்டுட்டி, சாமி காரியத்துல என்ன சினிமாக்காரி வேசம், என்கிறார், நான் கழற்றவில்லை, கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அவரை முறைக்கிறேன், முறைப்பது அவருக்குத் தெரியாது, அது ஒரு தனிச் சுகம்.

போன ஆவணியில் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டிருந்தார்கள், டாக்டரம்மா சின்னப் பெண், என் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டே கேட்டாள், எத்தனை வருசமா அளத்து வேலைம்மா, பதினெட்டு என்றேன், அவள் உச்சுக்கொட்டினாள், இடது கண்ணில் சதை வளருதும்மா, கருவிழிக்குக் கிட்ட வந்திருச்சு, மேல வெயில், கீழ உப்பு திருப்பி அடிக்கிற வெயில், ரெண்டையும் வெறுங்கண்ணுல வாங்குறீங்க, இப்படியே நின்னீங்கன்னா பார்வையை மூடிரும், நான் திருவிழாக் கடைக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்றேன், வேண்டவே வேண்டாம், வெறும் கறுப்பு இன்னும் கெடுதல், கெட்ட கதிரைத் தடுக்கிற கண்ணாடியா இருக்கணும், பக்கவாட்டுலயும் மூடியிருக்கணும் என்று சொல்லி அவளே ஒன்றை எடுத்து என் மூக்கில் மாட்டினாள், வெளியே வந்தேன், வெயில் சட்டென்று அடங்கி நின்றது, பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நெற்றியைச் சுருக்காமல் வீடு வரைக்கும் நடந்தேன், எனக்குப் பயமாகவும் இருந்தது, புருஷன் இல்லாத வீடு, கண்ணும் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்.

மறுநாள் அளமே சிரித்தது, ஏட்டி, சூட்டிங் எங்கட்டி, நாங்களும் வாறோம் என்று கூட வேலை செய்கிற ஞானப்பூ உப்புப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டே கேட்டாள், நானும் இடுப்பில் கை வைத்து நின்று காட்டினேன், சிரிப்பு பத்து மணிவரைதான், கண்ணாடி வழியாகப் பார்த்தால் உப்பும் தவிட்டு நிறம், அடிச்சேறும் தவிட்டு நிறம், பலகையை ஆழ இழுத்துவிட்டேன், ஒரு பாத்தி உப்பு முழுக்கச் சேறு, அண்ணாச்சி கத்திய கத்து பக்கத்து அளம்வரை கேட்டிருக்கும், கண்ணாடியோட இனிப் பாத்தியில எறங்காத, அதோடு சுமக்கிற வேலைதான், நான் சுமந்தேன், கண்ணாடியோடு சுமந்தேன், மற்றவர்கள் கஞ்சி குடிக்கிற நேரத்தில் ஒதுக்குப்புறப் பாத்தியில் இறங்கித் தனியாக வாரிப் பழகினேன், உப்பில் போகும்போது பலகை கரகரவென்று பேசுகிறது, சேற்றைத் தொடப்போகும்போது சத்தம் அடங்கி உள்ளங்கையில் கனம் ஏறுகிறது, அந்தக் கனம் வருகிற இடத்தில் நிறுத்த வேண்டும், ஐப்பசி மழைக்கு அளம் மூடுவதற்குள் கை அதைக் கற்றுக்கொண்டது, யாருக்கும் சொல்லவில்லை, சொன்னால் நம்பவா போகிறார்கள்.

ஒரு நிமிசந்தானம்மா, கழட்டிட்டு வாரிட்டுப் பெறவு மாட்டிக்கோயேன், என்று முதலாளி இப்போது தணிவாகச் சொல்கிறார், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, ஒரு நிமிசம் ஒரு நிமிசமாத்தான் மொதலாளி பதினெட்டு வருசம் போச்சு, கண்ணாடியோடதான் வாருவேன், சேறு ஒரு பொட்டு கலந்தாலும் நாளையிலருந்து நான் அளத்துப் பக்கமே வரல, என்கிறேன், எல்லாரும் கேட்டுக்கிடுங்க, என்று அண்ணாச்சி பெண்கள் பக்கம் திரும்பிச் சத்தம் போடுகிறார், ஞானப்பூவின் முகத்தில் சிரிப்பில்லை, வேண்டாம்ட்டி என்று தலையாட்டுகிறாள், நான் பலகையை வாங்கிப் பாத்தியில் இறங்குகிறேன், இறங்கியதும் கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொள்கிறேன், திமிர்தான், வேறென்ன, இழுக்கிறேன், கரகர, கரகர, ஓரெட்டு பின்னால் வைத்து, இன்னும் ஓரெட்டு, சத்தம் லேசாக அடங்குகிறது, நிறுத்துகிறேன், குவித்த உப்பின்மேல் பலகையை நட்டு நிமிர்ந்து கண்ணைத் திறக்கிறேன், என் கையை நினைத்து எனக்கே நெஞ்சு விம்முகிறது.

அண்ணாச்சி பாத்திக்குள் வந்து குனிந்து ஒரு கை அள்ளுகிறார், விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்க்கிறார், நாக்கில் வைக்கிறார், மறுபடியும் தேய்க்கிறார், சேறு இருந்தால் ஒரு பார்வையில் தெரியாதா, இவ்வளவு நேரமா, ஓரெட்டு கிட்டப் போய் அவர் முகத்தைப் பார்க்கிறேன், இரண்டு கண்ணிலும் சதை கருவிழிமேல் ஏறிப் படர்ந்திருக்கிறது, உப்பு முகத்துக்கு நேரே இருக்கிறது, பார்வை என் காதைத் தாண்டி எங்கோ போகிறது, அவர் தேய்ப்பதையும் நக்குவதையும் இத்தனை வருஷம் நாங்கள் கைத்திறமை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம், வெள்ளைக்கு எதிரே என் கண்ணாடியின் கறுப்பு தெரிகிற அளவுதான் பார்வை மிச்சம் போலிருக்கிறது, அண்ணாச்சிக்குக் கண் தெரியல என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், இருபது பெண்களுக்கும் கேட்கும், முதலாளிக்கும் கேட்கும், நான் குனிந்து அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்கிறேன், வெள்ளையாத்தான் இருக்கு அண்ணாச்சி, சேறு இல்ல, அவர் விரல் அப்படியே நிற்கிறது, எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது, பிறகு நிமிர்ந்து, வெள்ளைதான், அவ கண்ணாடியோடயே வாரட்டும், என்று கத்துகிறார்.

பெண்கள் குலவை போடுகிறார்கள், ஞானப்பூவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே, எனக்குக் கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது, சூடம் எப்போதோ அணைந்திருக்கிறது, பாத்தி நிறைய அதே வெள்ளை, வியாழக்கெழம அந்த டாக்டரம்மா மறுபடி வாறாங்க அண்ணாச்சி, நான் போறேன், கூட வாங்க, என்கிறேன், குலவைச் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ என்று நிற்கிறேன், அவர் கையிலிருந்த உப்பைக் குவியலில் உதறிவிட்டு, எத்தன மணிக்குட்டி வரணும், என்கிறார்.