உன் வீட்டுல, ரெண்டு மணிக்கு

1
இந்தக் கதை ஒரு மரியாதைச் சொல்லிலிருந்து பிறந்தது. நான் வாழும் மெக்சிகோ நகரத்தில் ஒருவரை விருந்துக்கு அழைக்கும்போது 'என் வீடு' என்பதில்லை. தன் வீட்டையே 'உன் வீடு' என்பார்கள். நாம் 'நம்ம வீடு' என்போமே, அதற்கும் ஒரு படி மேல்.

முதல் வரி அமையவில்லை. 'ஹைத்தியிலிருந்து வந்த வில்னெரை இந்த நகரம்…' சே! நகரம் ஒன்றும் செய்யவில்லை.

2
வில்னெர் ஓராண்டாகத் தச்சுப் பட்டறையில் இழைப்புளி தள்ளுகிறான். மொழி வந்துவிட்டது. (அதன் மரியாதைகள் வரவில்லை.) அங்கே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் மேஸ்திரி ரெஃபூகியோ ஒருவர்தான். மற்றவர்களுக்கு அவன் 'கருப்பன்'.

"ஞாயித்துக்கிழமை உன் வீட்டுல சாப்பாடு, வில்னெர். ரெண்டு மணிக்கு. எம் பொண்டாட்டிக்கு உன்னைப் பாக்கணுமாம்."

"என் வீட்டுலயா, மேஸ்திரி?"

"வேற எங்க? உன் வீடுதான்டா அது!"

3
வில்னெர் நாற்காலிகள் இரவல் வாங்கினான். பீன்ஸ் போட்டுச் சோறாக்கி, வாழைக்காய் வறுத்தான். மணி மூன்றானது, ஐந்தானது. ஆறு மணிக்கு அவனுக்குப் புரிந்துவிட்டது, அதாவது புரிந்ததாக நினைத்தான்: கருப்பன் வீட்டில் கை நனைக்க மேஸ்திரிக்கும் மனம் வரவில்லை. அழுதுகொண்டே தனியாகச் சாப்பிட்டான்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: அதே நேரம் நான்கு தெரு தள்ளி, இரண்டு நாளாக மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்த ஒரு பெண், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.)

திங்கட்கிழமை இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "வந்துட்டாருப்பா தொரை!" என்றார் ரெஃபூகியோ. அதோடு பேச்சு நின்றது.

4
முதல் பிரதியில் 'யாரோ சொல்லக் கேட்டேன்' என்று எழுதியிருந்தேன். பொய். நான் அருகில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன். 'என் வீட்டுலயா?' என்று அவன் கேட்டபோதே எனக்குப் புரிந்தது. நானும் வெளிநாட்டிலிருந்து வந்து இதே சொல்லில் இடறியவன்தான். அன்று எனக்கு ஒருவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. நல்ல கதை கிடைக்கும் என்று தோன்றியது. எழுதவே கூசுகிறது.

5
முடிவு, ஒன்று: நான் சொல்கிறேன், இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இரண்டு: அவனே ஒருநாள் தெரிந்துகொண்டு… இந்த வரியை அடித்துவிட்டேன். அதற்கு நாளில்லை. அவன் வடக்கே, அமெரிக்க எல்லையோரத் திஹுவானாவுக்குப் போகிறான்.

"ஏன்டா போறே?" என்று நேற்று கேட்டேன்.

"இங்க எனக்கு யாருண்ணே இருக்கா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் கேட்டது வேறு: "அன்னிக்கு என்ன சமைச்சே?" மூன்றாம் பகுதிக்குத் தேவைப்பட்டது.

பேருந்து ஒன்பது மணிக்கு. இப்போது மணி ஏழு. அவன் அறை பக்கத்துத் தெருவில்தான். சொன்னால், தெரிந்தே சும்மா இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். இதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தால், நான் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.