ஒரு காது வெளியே

எங்கள் சித்தி ஒரு பாட்டில் இருக்கிறாள். சினிமாப் பாட்டுதான், இப்போதும் மழை நாட்களில் வானொலியில் போடுவார்கள். பாடியது வேறொருவர். பின்னால் ‘ஓ’ என்று இழுக்கிற ஐந்து பெண்களில் சித்தி ஒருத்தி. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் அவர்கள் வருவார்கள். சாத்தாத கதவை மெல்லத் தள்ளிக்கொண்டு காற்று உள்ளே வருவது போல இருக்கும். அந்தக் காற்றில் சித்தி எது என்று எங்கள் வீட்டில் யாராலும் சொல்ல முடிந்ததில்லை.

சித்தப்பாவுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. நாள் முழுவதும் இருட்டுக் குழிக்குள் நின்று மோட்டாரோடு பேசிவிட்டு வருபவர் என்பதால் வீட்டுக்கு வந்ததும் வாய் ஓயாது. அந்தப் பாட்டு வந்தால் போதும், கையிலிருக்கும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “எல்லாரும் கவனிங்க, என் பொண்டாட்டி வாய் அசைச்ச பாட்டு” என்பார். நாங்கள் சிரிப்போம். சித்தியும் சிரிப்பாள், கொஞ்சம் தாமதமாக.

ஒருநாள் சித்தி சிரிக்கவில்லை. இந்த ரேடியோவில் ஐந்து பேரும் ஒரே மூட்டையாகத்தான் கேட்கும், நல்ல ஹெட்போனில் கேட்டால் ஒவ்வொருவராகப் பிரிந்து வருவார்கள் என்றாள். சித்தப்பா விடுவாரா? வர்ற ஞாயிற்றுக்கிழமையே வாங்குவோம் என்றார். அவள் குரல் கேட்டுவிட்டால் தன் ஆயுளுக்கும் அந்தக் கேலியை எடுப்பதில்லை என்று சத்தியமே செய்தார்.

“கேக்கலேன்னா?” என்றும் அவரே கேட்டார்.

“கேக்கலேன்னா, நான் பாடினேன்னு சொல்றதை விட்டுடறேன்” என்றாள் சித்தி.

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் மடித்த துணிகளை நான் மறுபடியும் பிரித்து மடிக்க வேண்டியிருந்தது. சித்தி மடிப்பில் ஓரம் தவறியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் சித்தி வீட்டில்தான் இருக்கிறேன். அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள், நான் தலையணை உறைகளை மடித்து அடுக்குகிறேன். அங்கே உலர்த்தும் இயந்திரங்கள் சுற்றத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவர் தும்மினால்கூடக் கேட்காது. வெள்ளை வெள்ளையாய் ஆவி எழும். அந்த ஆவிக்குப் பின்னால் சித்தி பாடிக்கொண்டிருப்பாள். பாடுகிறாள் என்பது உதட்டைப் பார்த்துத்தான் தெரியும். வீட்டில் ஒருநாளும் பாடியதில்லை. அவள் குரலில் ஒரு பாட்டை நான் காதால் கேட்டதே கிடையாது. கனவில் சிலர் பேசுவார்களே, சத்தம் இல்லாமல் நமக்குப் புரியுமே, அந்த மாதிரிதான் சித்தியின் பாட்டு எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் சித்தப்பா முன்னால் ஓட்டுநருக்குப் பின் நின்றுகொண்டு கியர் சத்தத்தைப் பற்றி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். சித்தி ஜன்னலோரம். அப்போதுதான் சொன்னாள்.

அந்தக் குழுவில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்று, அதில் பாடிக்கொண்டிருந்த மாடிவீட்டு அக்கா இவளைக் கூட்டிக்கொண்டு போனாளாம். சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த அறை. ஐந்து பேருக்கும் நடுவில் ஒரே மைக். ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்தார்கள். மற்ற பெண்கள் அதை ஒரு காதில் வைத்து, மறு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். இவளும் அப்படியே செய்தாள். ஒரு காதில் பாட்டு வரும், வெளியே இருக்கிற காதில் தன் குரல் வரும். இரண்டும் தலைக்கு நடுவில் எங்கோ சந்திக்கும். அந்த இடத்தைச் சொல்லும்போது சித்தி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

முதல் தடவை எடுத்தபோது எல்லாரும் நிறுத்திய இடத்தில் இவள் நிறுத்தவில்லை. அரை மூச்சு அதிகம். அவ்வளவு நன்றாக இருந்ததாம், விட மனசு வரவில்லையாம். குழுவை நடத்தியவர் திட்டவில்லை. பக்கத்தில் வந்து, அடுத்த தடவை வாயை மட்டும் அசைம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது தடவை இவள் வாயை மட்டும் அசைத்தாள்.

“ரெண்டுல எதைப் படத்துல போட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுடி.”

“சித்தப்பாவுக்கு?”

“அவருக்கு இந்தக் கதையே தெரியாது. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்றார். அது பாதி சரின்னு அவருக்கே தெரியாது.”

அப்படியென்றால் கேட்காமலே இருந்துவிடலாமே என்றேன். நான் பேசுவதே அபூர்வம் என்பதால் சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“தெரியாத வரைக்கும் நான் அந்தப் பாட்டுல இருக்கேன்” என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, “ஆனா இருக்கேனான்னு தெரிஞ்சுக்கணும்” என்றாள்.

கடை மாடியில் இருந்தது. கதவு சாத்தியதும் தெரு அணைந்துவிட்டது. தரையெங்கும் கனத்த விரிப்பு, நம் காலடி நமக்கே கேட்கவில்லை. சுவரில் மரத்தில் செய்த தலைகள் வரிசையாக இருந்தன. கண் மூக்கு இல்லை, ஆளுக்கொரு ஹெட்போன் மட்டும். எல்லாத் தலைகளும் எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போலவும் நாங்கள் நடுவில் வந்து தொந்தரவு செய்வது போலவும் எனக்குத் தோன்றியது. கடைக்காரர் அந்த விரிப்பைவிட மெதுவாகப் பேசினார். சித்தப்பா அவருக்கு அங்கேயே ‘பஞ்சு’ என்று பெயர் வைத்து என் காதில் சொன்னார்.

போனில் நான் பதிந்து வைத்திருந்த பாட்டைப் பஞ்சு வாங்கிக் கேட்டார். இது நசுக்கின பாட்டு என்றார். இடம் மிச்சம் பிடிப்பதற்காக ஓரங்களையெல்லாம் வெட்டியிருப்பார்களாம். தன்னிடம் அதன் அசல் பதிவு இருக்கிறது என்று சொல்லி, கடையின் பெட்டியில் தேடி எடுத்தார்.

சித்தப்பா அதற்குள் அட்டைப்பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். ஒன்றில் முந்நூறு ஓம்ஸ் என்று போட்டிருந்தது. மின்தடையைச் சொல்கிற இந்த ஓம்ஸ் அவருடைய சொந்த ஊர் மாதிரி. “இதுக்கு ஸ்டெபிலைசர் வேணுமா?” என்று கேட்டார். பஞ்சு சிரிக்காமல், தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் சோர்ந்து வரும் என்றார். சித்தப்பாவுக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

சித்தி முதலில் என் தலையில்தான் மாட்டச் சொன்னாள். நீ கேட்டுச் சொல்லு என்றாள்.

முதலாவது கனமானது, காதை முழுவதும் மூடுவது. கனமாக இருந்தால்தான் நல்ல சரக்கு என்று சித்தப்பா தேர்ந்தெடுத்தது. மாட்டியதும் நான் தண்ணீருக்கு அடியில் போய்விட்டேன். மேளச் சத்தம் ஆற்றின் அடியில் யாரோ நடப்பது போல நெஞ்சில் வந்து வந்து போனது. சுகமாக இருந்தது, தூக்கம் வந்தது. ஆனால் ‘ஓ’ வந்தபோது அது மெத்தையில் விழுந்த துணிக்குவியலாக வந்தது. எந்த உறை யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. சித்தி மாட்டினாள். மாட்டிய வேகத்தில் வலது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

“அம்மா, இதை ரெண்டு காதுலயும் வைக்கணும். இல்லேன்னா பாதிப் பாட்டுதான்” என்றார் பஞ்சு.

சித்தி கீழ்ப்படிந்தாள். கொஞ்ச நேரத்தில் கை தானாகப் போய் மறுபடியும் தள்ளியது. என்ன பழக்கம் இது என்று சித்தப்பா கேட்டார்.

இரண்டாவது வெள்ளி நிறம். அதில் எல்லாமே தெளிவு. வயலின்காரர் வில்லைத் திருப்புவதும், பாடகர் உதட்டைப் பிரிக்கிற ஈரமும் கேட்டது. ஆனால் ஒவ்வொரு ‘ச’வும் ஊசியாக வந்தது. பின்னால் பாடும் பெண்கள் பிரிந்தார்கள், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற மாதிரி, தொட முடியாமல். சித்தி பாதியிலேயே கழற்றிவிட்டாள். தலை வலிக்கிறது என்றாள். பயந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

மூன்றாவதைப் பஞ்சு உள் அறையிலிருந்து கொண்டு வந்தார். வெளிப்பக்கம் மூடி இல்லை, சன்னமான கம்பி வலை மட்டும். எடையே இல்லை. சித்தப்பாவுக்கு அவநம்பிக்கை. “என்னங்க, சல்லடையைக் கொண்டாந்து குடுக்கறீங்க?” என்றார். இது திறந்த வகை என்றார் பஞ்சு. உள்ளே இருக்கிற பாட்டு வெளியே கசியும், வெளியே இருக்கிற சத்தம் உள்ளே வரும். பேருந்துக்கு ஆகாது. வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்குத்தான்.

நான் மாட்டினேன். மாட்டிய மாதிரியே இல்லை. பாட்டு தலைக்குள் கேட்கவில்லை, அந்த அறைக்குள்ளேயே கேட்டது. ஜன்னல் திரை அசைந்தது, அதற்கு இடது பக்கம் புல்லாங்குழல். மரத்தலைகளுக்குப் பின்னால் மேளம். ‘ஓ’ வந்தபோது ஐந்து பேரும் விரிப்பின்மேல் வெறுங்காலோடு நடந்து வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். எண்ண வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. கழற்றிச் சித்தியிடம் கொடுத்தேன்.

சித்தி மாட்டிக்கொண்டாள். இந்த முறை அவள் கை எதையும் தள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். எங்களுக்கு மிக மெல்லியதாகப் பாட்டு கசிந்து வந்தது, பக்கத்து வீட்டில் யாரோ அரிசி கொட்டுகிற மாதிரி. முதல் சரணம் முடிந்தது. சித்தியின் உதடு அசைந்தது. சலவைக்கூடத்தில் பார்ப்பேனே, அதே அசைவு. அங்கே இயந்திரச் சத்தம் அவள் பாட்டை விழுங்கிவிடுகிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இந்த அறையில் எந்தச் சத்தமும் இல்லை. அவள் உதடும் சத்தமில்லாமல்தான் அசைந்தது. இரண்டாவது சரணத்திலும் அப்படியே. மூன்றாவதிலும்.

பாட்டு முடிந்தது. சித்தப்பா வழக்கமான முகத்தோடு, “என்ன, ஆள் சிக்கினாளா?” என்றார்.

“நாலு பேர்தாங்க இருக்காங்க.”

சித்தப்பாவுக்கு விளங்கவில்லை. சித்தி கண்ணைத் திறக்காமலே சொன்னாள். மூக்கால் பாடுகிறவள் இருக்கிறாள், மாடிவீட்டு அக்கா இருக்கிறாள், மூச்சு வாங்குகிறவள் இருக்கிறாள், ஓரத்தில் நின்ற உயரமான பெண் இருக்கிறாள். முதல் தடவை பாடும்போது தப்புப் பண்ணியதையும், அடுத்ததற்கு என்ன சொன்னார்கள் என்பதையும் சொன்னாள். ஒரு கணக்கை ஒப்படைக்கிற மாதிரி ஒவ்வொன்றாக.

“வாயை மட்டும் அசைக்கச் சொன்னாங்க. நீங்க சொல்ற மாதிரியேதான் ஆச்சு.”

சித்தப்பா கையிலிருந்த அட்டைப்பெட்டியை மரத்தலையின் பக்கத்தில் வைத்தார். அது சரியாக உட்காரவில்லை, மறுபடி எடுத்து வைத்தார். ஜெயித்தவர் மாதிரியே இல்லை. லிஃப்ட் பாதியில் நின்றுபோய் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், கதவுக்கு வெளியே நின்று அவர் எப்படி இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

“இவளே” என்றார் கடைசியில். “எனக்குத் தெரியாது.”

“தெரியும், உங்களுக்குத் தெரியாதுன்னு.”

பஞ்சு தன் கடையிலேயே ஓர் அந்நியர் மாதிரி, ஒரு துணியை எடுத்து, துடைத்த கண்ணாடியையே துடைத்தார்.

சித்தி ஹெட்போனைக் கழற்றவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டாள். “ஆனா ஒண்ணுங்க” என்றாள். “அக்காவுக்கும் அந்த உயரமான பொண்ணுக்கும் நடுவுல நான் நின்னேன். அங்க ஒரு ஆள் அளவுக்குக் காலியா இருக்கு. அவங்க நெருங்கி நிக்கவே இல்லை. என் எடம் அப்படியே இருக்கு.” பிறகு என்னைப் பார்த்து, “இன்னொரு தடவை போடச் சொல்லுடி” என்றாள்.

நான் சொல்வதற்குள் பஞ்சு போட்டுவிட்டார்.

திரை அசைந்தது. மரத்தலைகள் காத்திருந்தன. முதல் சரணம் முடிந்து, அரிசி கொட்டுகிற அந்தச் சின்னச் சத்தம் ஒரு நொடி நின்றது. சித்தி பாடினாள்.

பெரிய குரல் இல்லை. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் துணி சூடாகும்போது ஒரு வாசனை வருமே, அந்த மாதிரி அடியிலிருந்து எழுந்து, யார்மேலும் இடிக்காமல் போய் நின்றது. ஹெட்போனுக்கு வெளியே இருக்கிற எங்களுக்குச் சித்தி மட்டும் கேட்டாள், மற்ற நாலு பேரும் கசிவாகக் கேட்டார்கள். சித்திக்கு மட்டும் ஐந்து பேரும் கேட்டிருப்பார்கள். எல்லாரும் நிறுத்துகிற இடம் வந்தது. அவர்கள் நிறுத்தினார்கள்.

சித்தி நிறுத்தவில்லை. அரை மூச்சு இருக்கும். அந்த அரை மூச்சில் கடை, விரிப்பு, திரை எல்லாம் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்தது போல இருந்தது. பிறகு மெல்ல இறங்கின.

சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

“கடைசியில கொஞ்சம் இழுத்துட்டே.”

“அன்னைக்கும் அப்படித்தான்.”

பஞ்சு அருகில் வந்து, மூடிய வகையிலேயே நல்லது இன்னொன்று இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கடமைக்குக் கேட்டார். இந்தச் சல்லடையில் ஒரு தொந்தரவு உண்டு என்றும் எச்சரித்தார். மாட்டிக்கொண்டு கூடவே பாடினால் பக்கத்தில் இருப்பவருக்கு முழுக்கக் கேட்கும்.

“பக்கத்துல இருக்கப் போறது நான்தானே” என்றார் சித்தப்பா. “இதையே கட்டுங்க. அந்த ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்து.”

பெட்டியில் வைத்துக் கட்டுவதற்காகப் பஞ்சு கையை நீட்டினார். சித்தி கொடுக்கவில்லை. இரண்டாவது சரணம் ஓடிக்கொண்டிருந்தது, அவள் இடம் வருவதற்கு இன்னும் இரண்டு வரி இருந்தது.