வழி கேட்டு வந்தவர்

என் இடது நுரையீரலின் மேல்பகுதியைப் புற்றுநோயோடு சேர்த்து வெட்டி எடுத்த பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் ரத்தம் மருத்துவமனைக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று விதி. நான் கையை நீட்டினால் போதும். லேப் சுகந்தி ஒரு குழாயில் எடுத்து மேசையில் நிறுத்திக் கேட்பாள். நானும் என் மனைவி மயிலாத்தாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

"புதுசா யாராச்சும் வந்தாங்களா?"

"யாருமில்லீங்க அம்மணி."

இதைக் கேட்டுவிட்டால் மூன்று மாதம் தூக்கம் வரும். நான்கு முறை கேட்டேன்.

ஐந்தாவது முறை ரத்தம் தயங்கியது.

"ஒருத்தர் வந்தாருங்க. பொடி ஆளு. இடது பக்கத்து மேல்வீடு எங்கேன்னு விசாரிச்சாரு. அதை இடிச்சுப் பதினஞ்சு மாசமாச்சுன்னேன். முகம் வாடிப்போச்சுங்க. மனசு கேக்கல, உட்கார வெச்சு ஒரு டம்ளர் மோர் குடுத்தேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோயம்புத்தூர் ரத்தம். எமனே வந்தாலும் சாப்பிட்டாச்சுங்களா என்றுதான் கேட்கும். அந்த வாரம் எங்கள் வீட்டு டம்ளர் ஆறில் ஒன்று காணாமல் போயிருந்தது.

"உங்க ரத்தந்தானுங்க, வேற எப்படி இருக்கும்?" என்றாள் மயிலாத்தாள்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் ஆறுச்சாமி அதை நம்பவில்லை.

"ஆள் வீடு கட்டுனாத்தான் ஸ்கேனுக்குத் தெரியும். வழி கேக்கும்போதே ரத்தத்துக்குத் தெரிஞ்சுரும். நல்லவேளை, இப்பவே சொல்லிருச்சு."

மருந்து எழுதினார். அது உடம்பில் ஏறி ஆளைக் கண்டுபிடிக்க நாளாகும். அதுவரை அவரை எழுந்து போக விடாதீர்கள் என்று என் முழங்கையருகே குனிந்து ரத்தத்திடம் சொன்னார்.

ரத்தம் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. எந்த ஊருங்க, அப்பா பேரு என்னங்க, யாருக்குப் பங்காளிங்க என்று ஆரம்பித்தது. எங்கள் பக்கம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடித்து எழுந்தவர் யாரும் இல்லை. வந்தவர் தன் பாட்டனாரின் கொழுந்தியா வரை சொல்லிக்கொண்டிருந்தபோது மருந்து போய்ச் சேர்ந்தது.

ஆறாவது முறை ரத்தம் சொன்னது: "யாருமில்லீங்க அம்மணி. டம்ளரைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டுப் போயிட்டாருங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டரையும் சுகந்தியையும் கையெடுத்துக் கும்பிட்டேன். ரத்தத்தை எப்படிக் கும்பிடுவதென்று தெரியவில்லை. நாடி துடிக்கும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க. அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டதை மனசுல வெச்சுக்காதீங்க," என்றேன்.

சுகந்தி குழாயைச் சாய்த்து, இடுக்கியால் டம்ளரை வெளியே எடுத்தாள். மயிலாத்தாள் அதை முந்தானையால் துடைத்து, விளிம்பில் தன் பெயர் பொறித்திருப்பதைப் பார்த்துக்கொண்டாள். பிறகு குழாயின் பக்கம் குனிந்தாள்.

"வந்தவருக்குக் குடுத்தீங்க சரி. நீங்க குடிச்சீங்களா?"

"இருந்தது ஒரு டம்ளர்தானுங்களே," என்றது ரத்தம்.

மயிலாத்தாள் பையிலிருந்து மோர் பாட்டிலை எடுத்தாள். அவள் ஊற்றி முடிக்கும்வரை சுகந்தி குழாயின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.