வலிக்கவே இல்லை, ஓஸ்!

என் மகள் சயோவுக்குப் பதினொரு வயசு. எனக்கு நாற்பத்து மூணு. கராத்தே கூடத்தில் அவள்தான் எனக்கு மூத்தவள்.

செல்லத்துக்குச் சொல்லவில்லை. அங்கே வயசு செல்லாது. யார் முன்னால் சேர்ந்தார்களோ அவர் சென்பாய், பின்னால் வந்தவன் கும்பிட்டே ஆகவேண்டும். ஆறு வயசில் சேர்ந்த சயோ இப்போது பச்சை பெல்ட்டில் முன்வரிசையில் நிற்கிறாள். இந்த மே மாதம் சேர்ந்த நான் வெள்ளை பெல்ட்டோடு கடைசி வரிசையில், ஏழு வயசுப் பொடியன்களுக்கும் பின்னால். காலையில் வீட்டில் "சாக்ஸை எடுத்து வைடி, எருமை" என்று கத்தியிருப்பேன். சாயங்காலம் அதே எருமைக்கு முன்னால் இடுப்பை வளைத்து, "ஓஸ், சென்பாய்!" என்று முழங்குவேன். வணக்கம், சரி, நன்றி, செத்தேன் எல்லாவற்றுக்கும் அங்கே அந்த ஒரே வார்த்தைதான். அவளும் சளைத்தவள் இல்லை. வகுப்பு முடிந்து ஈரத்துணியால் தரை துடைப்பது வெள்ளை பெல்ட்டின் வேலை. நான் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வரும்: "அந்த மூலை விட்டுப்போச்சு."

எனக்கு இந்தத் தலையெழுத்து எப்படி வந்தது? வாயால்தான். அஞ்சு வருஷமாகப் பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "காலை இன்னும் தூக்கு! இடுப்பைத் திருப்பு!" என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். மேல் சட்டைப் பொத்தானைப் போடவே மூச்சை இழுத்துப் பிடிக்கவேண்டிய தொப்பை எனக்கு. ஒருநாள் ஆசான் ஒகுதானி என் பக்கம் திரும்பினார். ஒல்லி மனுஷர், சத்தமே போடமாட்டார்.

"சயோ அப்பா, சனிக்கிழமை பெத்தவங்களும் பிள்ளைங்களும் சேர்ந்து பழகற வகுப்பு இருக்கு. உங்களுக்கு இவ்வளவு தெரியுதே, வந்து செஞ்சு காட்டுங்களேன்."

சுற்றிலும் அம்மாக்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வருகிறேன் என்றேன். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

எங்கள் கூடத்துக் கராத்தே, கை காலை ஓங்கி அங்குலம் முன்னால் நிறுத்துகிற சமாச்சாரம் இல்லை. முகத்தில் குத்தக்கூடாது, அவ்வளவுதான். மற்றபடி அடி என்றால் அடி, உதை என்றால் உதை, நிஜமாகவே வந்து விழும். பிள்ளைகள் காலுக்கு மெத்தைக் கவசம் கட்டிக்கொண்டு முழு பலத்தோடு உதைப்பார்கள். பெரியவர்கள் பதிலுக்குப் பூப்போலத் தொடவேண்டும். எவ்வளவு பட்டாலும் முகம் மாறக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். கூடத்துக்குக் கீழே இருக்கிற சைக்கிள் கடைக்காரர் விலா எலும்பு விரிசல் விட்டும் சண்டையை முடித்து, கும்பிட்டு, போய் நூடுல்ஸ் சாப்பிட்டாராம்.

அந்தச் சட்டம் எனக்கு உடனே பிடித்துப்போனது. உடம்பு வளையாது, மூச்சுத் தாங்காது. ஆனால் முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்வதில் எனக்கு இருபது வருஷ அனுபவம். நான் குளியல்தொட்டி விற்கிறவன். "எதிர்க்கடையில இதைவிட நல்லாயிருக்கே" என்று வாடிக்கையாளர் சொல்லும்போது சிரித்த முகமாக நிற்கிற கல்லுளிமங்கன்.

முதல் சனிக்கிழமையே சயோவோடு ஜோடி போட்டார்கள். அவள் கும்பிட்டாள், வலது காலைச் சுழற்றி என் இடது தொடையில் ஒன்று விட்டாள். என் உயிர் உச்சந்தலை வரைக்கும் போய்விட்டு, வேறு வழியில்லாமல் திரும்பி வந்தது. பெஞ்சில் அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வலிக்கவே இல்லை!" என்றேன். "இன்னும் பலமா! ஓஸ்!"

பெஞ்சிலிருந்து "ஓ..." என்று ஒரு சத்தம் வந்தது. அந்த ஒரு "ஓ"வுக்காகவே வாரா வாரம் அதே தொடையைக் கொண்டுபோய் நீட்டினேன். வாரா வாரம் "வலிக்கவே இல்லை". குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, நான் விழவே இல்லையாக்கும்.

வீட்டில் கதை வேறு. ராத்திரியானால் என் மனைவி யுகாரி தொடை முழுக்க மருந்துப் பட்டை ஒட்டிவிடுவாள். வீடே கற்பூர வாடை அடிக்கும். "முதுகு வலி, தொட்டி தூக்கினது" என்று சயோவிடம் சொல்லிவைத்தேன். ஒசாகா வேனலில், புழுங்கிச் சாகிற ஆகஸ்ட்டில், முழுக்கால் பைஜாமா போட்டுக்கொண்டு மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். கடையில் ஒருநாள் புதுசாகக் கல்யாணமான ஜோடிக்குத் தொட்டி எவ்வளவு தாராளம் என்று படுத்துக்காட்டினேன். படுத்தது படுத்ததுதான், எழுந்திருக்க முடியவில்லை. மாப்பிள்ளை ஒரு கை, பெண் ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டார்கள். "சரி, இதையே எடுத்துக்கறோம்" என்று அவர் சொன்னதும் சந்தோஷத்தில் முஷ்டியை இறுக்கி "ஓஸ்!" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் ரெண்டடி பின்னால் போய்விட்டாள்.

இப்படி நான் வீரனாக உலவிக்கொண்டிருந்த செப்டம்பரில், பாத்திரம் கழுவிக்கொண்டே யுகாரி சொன்னாள்:

"சயோ கராத்தேயை விடப்போறாளாம். வர்ற சனிக்கிழமைதான் கடைசியாம். ஆசான்கிட்டயும் சொல்லிட்டா."

"ஏன்? போட்டியில முதல் சுத்துலயே தோத்தாளே, அதுக்கா?"

"அது பாதி. மீதி நீங்க."

"நான் என்ன பண்ணேன்?"

"'ஆறு வயசுலேர்ந்து உதைக்கிறேன். நாற்காலியில உக்காந்தா எழுந்திருக்கவே முக்கற அப்பா, அவருக்கே என் உதை வலிக்க மாட்டேங்குது. போட்டியில வர்றவளுக்கு எப்படி வலிக்கும்? நான் லாயக்கே இல்லைம்மா'ன்னு அழுதா. உங்க நடிப்பை அவ நம்பிட்டா."

பல் தேய்க்கும்போதுகூட ஒற்றைக்காலில் நின்று பழகுகிறவள் அவள். சீருடை பெரிசாக இருக்கிறதென்று தரையில் இழுத்துக்கொண்டே நடந்த காலத்திலிருந்து அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. அந்த ஆசையின் தலையில், வாரா வாரம் பெஞ்சிலிருந்து வரும் ஒரு "ஓ"வுக்காக, நான் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். நல்ல அப்பன்.

உடனே போய் அவள் அறைக்கதவைத் தட்டினேன். "சயோ, நிஜமாவே வலிச்சுதும்மா."

"அம்மா சொல்லச் சொன்னாங்களா?"

"இல்லை... ஆமா... ஆனா நிஜமா."

"ஆறுதலுக்குப் பொய் சொல்லாதீங்கப்பா. தூங்கணும்."

கதவு சாத்திக்கொண்டது.

"காலைத்தான் காட்டுங்களேன்" என்றாள் யுகாரி. நியாயமான பேச்சு. ஆனால் காட்டினால் இத்தனை மாசமாக நான் விட்ட புளுகெல்லாம் ஒன்றுவிடாமல் வெளியே வருமே! அதைவிட, சனிக்கிழமை எல்லார் முன்னாலும் அவள் உதையில் தொப்பென்று விழுந்துவிட்டால்? ஒரே நாள் மானத்தோடு போகும், அவளுக்கும் சபையில் வெற்றி. இப்படி ஒரு மூளை எனக்கு. அந்த வாரம் முழுக்க, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தொட்டிகளுக்கு நடுவே விழுந்து பழகினேன். மேனேஜர் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

சனிக்கிழமை வந்தது. சயோ கும்பிட்டாள். முகத்தில் ஒன்றுமே இல்லை, கடமைக்கு வந்தவள் மாதிரி. வயிற்றைப் பார்த்து ஒரு முன்னுதை விட்டாள். நான் "ஹா!" என்று கையை விரித்து, கண்ணைச் செருகி, ஒரு சுற்றுச் சுற்றி மல்லாந்தேன்.

யாரோ ஒரு பொடியன், "கால் படவே இல்லையே" என்றான்.

ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். சயோவின் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கோத்து நின்றது. "எழுந்திருங்க" என்றாள். "கேலி பண்றீங்களா என்னை? எழுந்திருங்கப்பா!"

கூடத்தில் அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு எழுந்தேன். சரியாக நின்றேனா என்றுகூடத் தெரியாது. அவள் அழுதுகொண்டே வந்தாள். இடுப்பு திரும்பியதைப் பார்த்தேன், அஞ்சு வருஷம் பெஞ்சிலிருந்து நான் கத்தின அதே இடுப்பு, அத்தனை அழகாகத் திரும்பியது. அப்புறம் என் இடது கால் இருந்த இடத்தில் கால் இல்லை.

இந்தத் தடவை கையை விரிக்கவில்லை, சுற்றவில்லை. மூட்டை சரிகிற மாதிரி சரிந்தேன். கத்த வாயைத் திறந்தால் காற்றுகூட வரவில்லை.

"மறுபடியும் நடிப்பா?" என்றாள் சயோ.

ஆசான் ஒகுதானி வந்து பக்கத்தில் மண்டியிட்டார். "ஐஸ் கொண்டாங்க" என்று சொல்லிக்கொண்டே என் கால்சட்டையை ரெண்டு காலிலும் தொடை வரைக்கும் சுருட்டினார். நான் பதறிப்போய்க் கையால் மூடினேன், தள்ளிவிட்டார். வலது தொடை சுத்தம். இடது தொடையில், சுவரில் நோட்டீஸ் ஒட்டிய மாதிரி வரிசையாக மருந்துப் பட்டைகள். வியர்வையில் ரெண்டு பட்டை தானாகவே கழன்று விழுந்தது. அடியில் கன்னங்கரேலென்று ஒன்று, கத்திரிக்காய் நிறத்தில் ஒன்று, பச்சையாக ஒன்று, பழுத்து மஞ்சளாக ஒன்று. என் மொத்தப் புளுகும் நிறம் நிறமாக வெளியே வந்து நின்றது. பெஞ்சிலிருந்து அதே "ஓ..." வந்தது, இந்த முறை வேறு சுருதியில்.

சயோ மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மஞ்சளைக் காட்டினாள். "இது எப்போ?"

"போன மாசம். நீ போட்டிக்குப் பழகினப்ப."

"இது?"

"போன வாரம்."

"முதுகு வலின்னீங்க."

"முதுகுக்கு ஒண்ணும் கேடு இல்ல."

"எல்லாமே நானா?"

"வேற யாரு என்னை உதைக்கறா? உங்கம்மா வாயோட சரி."

அவள் சிரிக்கவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, பெல்ட்டை இழுத்துச் சரிசெய்து, பச்சை பெல்ட்டாக என் முன்னால் நின்றாள்.

"இனிமே வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். சென்பாய் சொல்றேன்."

"ஓஸ்" என்றேன், படுத்தபடியே.

ஆசான் கேட்டார்: "சயோ அப்பா, இந்தச் சுத்துல இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. நிக்க முடியுமா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் கூடத்தில் ஒரே பதில்தான் உண்டு. விலா விரிசல் விட்ட சைக்கிள் கடைக்காரர் சொன்ன பதில். என் தொண்டை வரைக்கும் அது வந்துவிட்டது. சயோவைப் பார்த்தேன், அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாது ஆசானே" என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "வலிக்குது. உயிர் போற மாதிரி வலிக்குது. ஐயோ, அம்மா!"

அம்மாக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆசான் ஒகுதானிகூடத் தலையைத் திருப்பிக்கொண்டார். சயோ மட்டும் முகம் மாறாமல், முறைப்படி கும்பிட்டாள். ஆனால் காது நுனி ரெண்டும் சிவந்திருந்தது. அன்றைக்குத் தரையை எனக்குப் பதிலாக அவளே துடைத்தாள். மூலையை விடவில்லை.

வீட்டுக்கு வரும்போது என்னை சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. "தொப்பையைக் குறைங்கப்பா" என்றாள். கராத்தேயை விடுவது பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு என் காலை ஒருமுறை பார்த்தாள்.

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள நடந்துடுவீங்களா?"

"எதுக்கு?"

"வலது தொடையில ஒண்ணுமே இல்லையே. என் இடது கால் உதை சரியில்லைன்னு அர்த்தம். பழகணும்."

"ஐயோ" என்றேன், உதைக்கு முன்னாலேயே, சத்தமாக.