எமோகேயின் பென்சில் கோடு

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஹங்கேரியின் செகெட் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக் குப்பைக்கூடையில் கசங்கிக் கிடந்த ஒரு வரைபடத்திலிருந்து எடுத்தது. கசக்கிப் போட்டவள் என்னோடு வேலை செய்யும் எதெல்கா. அவளைக் கேட்காமல்தான் எழுதுகிறேன்.

2
எமோகே இறந்த வசந்தத்தில் திஸா ஆறு கரை புரண்டு
(வேண்டாம். ஆறு எல்லாக் கதையிலும் ஓடுகிறது.)

சுவரில் ஒரு பெரிய தாள். ஒவ்வொரு புரதமும் ஒரு வட்டம். நிறமாலைக் கருவி ஒரு புரதத்தைப் புள்ளிகளாகக் காட்டும். இன்னொரு புரதத்தைக் கலந்ததும் புள்ளிகள் நகர்ந்தால், இரண்டும் ஒட்டிக்கொண்டன என்று வட்டங்களுக்கு நடுவே கோடு போடுவோம். முதல் தடவைக்குப் பென்சில். மறுபடி செய்தும் நகர்ந்தால்தான் மை.

எமோகே கடைசியாகப் போட்டது பென்சில் கோடு. அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த எதெல்கா, கறுப்பு உடையைக்கூட மாற்றாமல் அதன்மேல் மை தீட்டினாள். எமோகே பதினோரு வருடம் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரி. மறுபடி செய்து பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

3
அக்டோபரில் செய்தாள். இந்த முறை கலப்பதற்கு முன் இரண்டு புரதங்களையும் ஒரே மாதிரிக் கரைசலில் ஊறவைத்தாள். ஒரு புள்ளிகூட அசையவில்லை. அந்த வரைபடத்தைத்தான் கசக்கிப் போட்டாள். அன்று புள்ளிகளை நகர்த்தியது இரண்டு கரைசல்களின் அமிலத்தன்மை வித்தியாசம்தான். எமோகே இருந்திருந்தால் கோட்டை அழித்துவிட்டுக் காப்பி போடப் போயிருப்பாள்.*

*இந்த வரியை எழுதியபோது அழுதேன்.

4
எமோகேயின் கணவர் வெந்தெல், டிராம் ஓட்டுபவர், நேற்று காகிதப் பையில் பொகாச்சா ரொட்டிகளோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

"எதெல்கா, கல்லறைக் கல்லுல அந்த ரெண்டு வட்டமும் நடுவுல கோடும் போதும்னுட்டேன். திங்கக்கிழமை கொத்துறாங்க."

"பேரு போடலியா?"

"பேரு கீழ சின்னதா இருக்கட்டும். பேரை யாரு வேணா வெச்சுக்கலாம், இது அவ கண்டுபிடிச்சது. ஆஸ்பத்திரியில கடைசியா 'ஒட்டிக்கிச்சு வெந்தெல்'னு சொன்னா. டிராம் ஓட்டுறவனுக்கு என்ன புரியும்? ஆனா மூஞ்சில ஒரு சிரிப்பு... நீ ஏன் சாப்பிடல? உப்பு ஜாஸ்தியா?"

"வெந்தெல், அந்தக் கோடு..."

(இதை ஏழு முறை எழுதிப் பார்த்தேன். முடிக்க வரவில்லை. அவளும் முடிக்கவில்லை.)

5
முடிவு ஒன்று: சொல்கிறாள். வெந்தெல் மனைவியை இன்னொரு முறை புதைக்கிறார்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. தப்பு என்று தெரிந்த எதையும் விட்டுவைக்காத ஒருத்தியின் தலைமாட்டில், ஒரு தப்பு கல்லாய் நிற்கிறது.

எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. இதுவரை எதெல்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

இன்று வெள்ளிக்கிழமை.