பதினோரு பக்கத் தீர்ப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு ஜட்ஜ் படுத்திருந்த அறையிலிருந்து வெளியே வந்த டாக்டர், இன்றோ நாளையோ என்றார். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். ஜட்ஜ் ஆஸ்ட்ரமிடம் செயலாளராகச் சேர்ந்து இருபத்தாறு வருஷம். நேரம் போடாமல் நான் எதையும் எழுதியதில்லை.

அவர் மேசையில் ஒரே வழக்குதான் பாக்கி. டேரல் பீக்ஸ், அறுபத்தொரு வயது, இருபத்திரண்டு வருஷமாகச் சிறையில். விசாரணை நடக்கும்போது அவனுடைய வக்கீல் நாற்காலியிலேயே தூங்கியிருக்கிறார். மறுவிசாரணை வேண்டும் என்று ஆஸ்ட்ரமும் இன்னொரு நீதிபதியும். வேண்டாம் என்று மூன்றாமவர் ஹார்க்ரோவ். மறுப்பவர் தன் காரணங்களை எழுதி முடிக்கும்வரை தீர்ப்பை வெளியிடாமல் காத்திருப்பது எங்கள் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மரியாதை. ஹார்க்ரோவ் ஏழு வாரமாக எழுதிக்கொண்டிருந்தார். தீர்ப்பு வெளியாகும் முன் ஆஸ்ட்ரம் கண்மூடினால் அவர் ஓட்டு செல்லாது. மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் நிற்க, புதிதாக ஒருவரை உட்காரவைத்து எல்லாம் முதலிலிருந்து.

"ஹார்க்ரோவுக்கு போன் போடட்டுமா, ஜட்ஜ்?"

"வேண்டாம். முப்பது வருஷத்துல யாரையும் நான் அவசரப்படுத்தினதில்ல. சாகப்போறேங்கறதெல்லாம் ஒரு காரணமா?"

"பீக்ஸுக்கு அது காரணந்தான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஆறு உறைந்து கிடந்தது.

பத்து ஐந்துக்கு, நடைவழியில் நின்று ஹார்க்ரோவுக்கு போன் போட்டு, முதல் தடவையாக அவர் சொல்லை மீறினேன்.

"கேக்கச் சொன்னது அவரா?" என்றார் ஹார்க்ரோவ்.

"இல்ல. வேண்டாம்னுதான் சொன்னாரு. நானா கேக்கறேன்."

"அதானே. தாகத்துல செத்தாலும் அந்த மனுஷன் தண்ணி கேக்க மாட்டாரு." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "முப்பத்தெட்டு பக்கம் எழுதியிருக்கேன், லோர்னா. நல்லா வந்திருக்கு. அவர் சொல்றது தப்புன்னுதான் இப்பவும் நினைக்கறேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்கறீங்க." வைத்துவிட்டார்.

இரண்டு பத்துக்கு அவரிடமிருந்து வந்தது ஒரே வரி: நான் மறுக்கிறேன். கீழே கையெழுத்து. காரணம் ஒன்றுமில்லை.

எங்கள் தீர்ப்பில் ஹார்க்ரோவின் வாதங்களுக்குப் பதில் சொல்லும் பக்கங்களுக்கு இனி வேலையில்லை. மற்ற நீதிபதியிடம் கேட்டு அவற்றை நீக்கினேன். பதினைந்து பக்கம் பதினொன்றாயிற்று. ஒரு சொல் மாறினாலும் முழுவதையும் கமா, முற்றுப்புள்ளி சொல்லி வாசித்துக் காட்டாமல் எதுவும் ஆஸ்ட்ரமின் அறையைவிட்டுப் போகாது. ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் அவர் விரலால் ஒரு தட்டு, சரி என்று. தட்டாவிட்டால் அங்கே ஏதோ சரியில்லை.

மூன்றரைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் ஹார்க்ரோவின் வரியைப் படித்தேன்.

"மீதி எங்க?"

"அவ்வளவுதான், ஜட்ஜ்."

கூரையைப் பார்த்தபடி கேட்டார். "போன் போட்டீங்களா?"

"போட்டேன்."

"அந்த ஆள் காரணமில்லாம கடுதாசிகூட எழுத மாட்டாரே." கண்ணை மூடினார். "படிங்க."

படித்தேன். கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரல் தட்டிக்கொண்டே வந்தது. ஏழாம் பக்கத்தில் ஒருமுறை நின்றது. 'வெறும்' என்ற சொல்லை எடுக்கச் சொன்னார். ஹார்க்ரோவுக்கு அது உறுத்துமாம். எடுத்தேன். ஒன்பதாம் பக்கத்திலிருந்து தட்டுச் சத்தம் கேட்கவில்லை. விரல் அசைவதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நாலு நாற்பத்தொன்று. அவர் சரி என்றதும் தீர்ப்பை வெளியிட நீதிமன்ற அலுவலகத்துப் பெண் போனில் காத்திருந்தாள். போனைப் போர்வைமேல் வைத்திருந்தேன்.

"வழக்கு மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது," என்று கடைசி வரியைப் படித்தேன். "முற்றுப்புள்ளி."

அவர் விரல் சட்டத்தின்மேல் இருந்தது. காகிதத்தை மடியில் இறக்கிவிட்டு, அந்தக் கடைசித் தட்டுக்காக விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.